ஏழு நாய்களும் பெயரில்லாத பெண்களும்: ஜவ்வாது மலையில் வழமை, சொத்து, சட்டம்

வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் ஒரு கதை இருக்கிறது. காக்ஸ் 1881இல் தொகுத்து, ஸ்டூவர்ட் 1890களில் திருத்திய கையேடு அது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஜவ்வாது மலையின் மலையாளிகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கான கதை. (கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆளுபவர் மலையாளி, பேசுவது தமிழ்.) சக ஆண்டு 1055 என்று கதை ஆண்டுகூடச் சொல்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்கிறார்கள். வேளாளர்கள் இழிவாகப் பேசி மறுக்கிறார்கள். வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெண்களை மீட்க ஏழு வேளாளர் ஏழு நாய்களோடு கிளம்புகிறார்கள். 'நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டதாக எண்ணிக் கருமாதி செய்துவிடுங்கள்' என்று மனைவிகளிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ கரையேறிவிடுகிறார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிக் காஞ்சிபுரம் வந்துவிடுகின்றன. அங்கே வேடர்களைக் கொன்றுவிட்டு ஆண்கள் ஊர் திரும்பினால், இங்கே கருமாதி முடிந்துபோயிருக்கிறது. மனைவிகள் விதவைகள். செத்துப்போனவர்களுக்குச் சாதியில் இடமில்லை. ஏழு பேரும் வேடர் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலையேறி உழுது பிழைக்கிறார்கள். அவர்கள் வம்சம் மலையாளிகள்.

நமது இனவரைவியலாளர்கள் இந்தக் கதையை 'இடப்பெயர்ச்சித் தொன்மம்' என்று வகைப்படுத்தி ஒரு பத்தியில் முடித்துவிடுவார்கள். மலைக்குடிகள் தங்களைச் சமவெளி உயர்சாதியோடு இணைத்துக்கொள்ளும் முயற்சி என்று எம்.என். சீனிவாசை மேற்கோள் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதையில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. முதலில் கடத்தப்பட்ட ஏழு மகள்கள். அடுத்து, புருஷன் உயிரோடு இருக்கும்போதே தாலியறுத்த மனைவிகள். மூன்றாவதாக, மலைக்கு வந்த வேடர் பெண்கள். ஆண்களுக்குச் சரியாக அத்தனை நாய்கள் என்று கணக்கு வைத்திருக்கும் கதைக்கு, இந்த மூன்று கூட்டத்துப் பெண்களைப் பற்றி ஒரு விவரமும் இல்லை.

மீட்கப்போன மகள்கள் என்ன ஆனார்கள்? கதை சொல்லவில்லை. வேடர்களைக் கொன்றதும் அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. அவர்கள் சண்டைக்கான காரணம் மட்டுமே. மலைக்கு வந்த வேடர் பெண்களில் கொலையுண்டவர்களின் மனைவிமார், அக்கா தங்கைகள் இருந்தார்களா? அதுவும் இல்லை. என்னை அதிகம் தொந்தரவு செய்வது நடுவிலுள்ள கூட்டம். புருஷன் ரத்தமும் சதையுமாக வாசலில் வந்து நிற்கிறான், ஆனாலும் கைம்மை கலையவில்லை. சடங்கு உடம்பைவிட வலுவாக இருக்கிறது. சாதியிழந்த ஆண்களுக்காவது ஒரு மலை கிடைத்தது, புதுப் பெண்டாட்டி கிடைத்தாள், காடு திருத்தி நிலம் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் மொட்டைத் தலையோ வெள்ளைப் புடவையோ, ஏதோ ஒன்றோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு? விதவை மறுமணத்தை ஏற்கும் ஒரு மலைச்சமூகத்தின் தோற்றக் கதையில், மறுமணம் முதலில் வாய்த்தது ஆண்களுக்கு. அதன் விலை கீழே விடப்பட்ட பெண்களின் நிரந்தரக் கைம்மை. கேல் ரூபின் 1975இல் எழுதிய கட்டுரையில், பெண் பரிமாற்றப் பொருளாகும்போது உறவு ஏற்படுவது ஆண்களுக்கிடையேதான் என்றார். இங்கே உறவு என்ன, பகையும் அப்படித்தான்.

இன்னொரு விஷயம். தகப்பன் வழியாக எண்ணினால் இவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தேறிய வேளாளர். தாய் வழியாக எண்ணினால் அந்தக் காட்டுக்கு முன்பே சொந்தக்காரர்களான வேடர். ஒரே ஜனம்தான், யார் பக்கமிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து வந்தேறியாகவோ பூர்வகுடியாகவோ ஆகிவிடுகிறது. சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலைப் பக்கம் வழங்கும் மூன்று அண்ணன் தம்பிகள் கதையிலும் இதே கட்டமைப்புதான். ஆண்கள் காஞ்சிபுரத்தார், கட்டிக்கொண்ட பெண்கள் கைக்கோளர், வேடர், பள்ளர். அண்ணன் தம்பிகளுக்குப் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று பெயர் உண்டு. பெண்களுக்குச் சாதி மட்டும் உண்டு, பெயர் கிடையாது.

இதையெல்லாம் தொன்ம ஆராய்ச்சிக்காகச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. இந்தக் கதை இன்றைக்கும் ஒரு பெண்ணின் காணிநிலத்தைத் தீர்மானிக்க முடியும் என்பதால் சொல்கிறேன். அதற்குமுன் நமக்குள்ளேயே ஒரு கணக்கைத் தீர்க்கவேண்டியிருக்கிறது.

முற்போக்கு வட்டாரத்தில் மலைவாழ் பெண்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. வரதட்சணை இல்லை, மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் கொடுக்கிறார்கள், பிடிக்காதவனை விட்டு வரலாம், மறுமணம் உண்டு, ஆகவே சமவெளிப் பெண்ணைவிட மலைப்பெண் சுதந்திரமானவள். 1884இல் வந்த எங்கெல்ஸின் குடும்பம் பற்றிய நூலை ஒரு கையிலும் தர்ஸ்டனை மறு கையிலும் வைத்துக்கொண்டு இப்படிப் பேசுவது சுலபம். ஆனால் தர்ஸ்டனையே கொஞ்சம் நிதானமாக வாசித்தால் வேறு சங்கதி வருகிறது. கொல்லிமலை பற்றிய குறிப்பு ஒன்று, மனைவி கணவனை விட்டுத் தன் சாதிக்குள்ளேயே இன்னொருவனோடு போகலாம், ஆனால் அவனுக்குப் பெறும் பிள்ளைகளும் பழைய கணவனையே சேரும் என்கிறது. சுதந்திரம் அவள் கால்களுக்கு உண்டு, கருப்பைக்குக் கிடையாது. சேலம் மலைகளைப் பற்றிய இன்னொரு குறிப்பு, சின்னப் பையன்களுக்கு வளர்ந்த பெண்களைக் கட்டிவைக்கும் வழக்கத்தைச் சொல்கிறது. ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இதில் மாமனார் சமாச்சாரம்தான் ருசித்தது. மண்டையோட்டையும் மூக்கையும் அளந்துகொண்டு திரிந்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? எனக்குத் தெரிவது வேறு. வளர்ந்த மருமகள் என்றால் வந்த அன்றைக்கே கொத்துக்காட்டில் இறங்கக்கூடிய இரண்டு கைகள். பரிசம் என்பதும் அந்தக் கைகளுக்கும் அவள் பெறப்போகும் கைகளுக்கும் தரப்படும் தொகை. வரதட்சணைக்கு இது எவ்வளவோ மேல் என்றால் ஒப்புக்கொள்கிறேன். சமத்துவம் என்று பெயர்வைக்க மட்டும் மனம் வரவில்லை.

ஜமுனாமரத்தூரில் சாமை மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவியிடம் பேச்சுக்கொடுத்தேன். நிலம் யார் பேரில் இருக்கிறது ஆயா என்று கேட்டதற்கு, "பையன் பேர்ல. அதுக்கு மின்ன அவங்கப்பன் பேர்ல" என்றார். மகள்களுக்கு? சிரித்துவிட்டார். "பொட்டப்புள்ளைக்கு இன்னா நெலம் கண்ணு? கட்டிக்கினு போற எடத்துல களை எடுக்கறாளே, போதாது?" விதைப்பு முடிந்த நாளிலிருந்து களையெடுப்பு, அறுப்பு, உரலில் குத்திப் புடைத்து அரிசியாக்குவது வரை சாமையின் பெரும்பாலான வேலை பெண்கள் தலையில்தான். ஆயாவின் கேள்வியில் கிண்டல் இருந்ததா, ஒப்புதல் இருந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது வருஷம் கழித்து, 1989இல் கலைஞர் ஆட்சியில், இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு ஒரு திருத்தம் கொண்டுவந்து, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளையும் மகனுக்குச் சமமான பங்குதாரராக்கியது. 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அதில் பங்கில்லை என்ற ஓட்டை இருந்தது. 2005இல் நாடாளுமன்றம் நாடு முழுக்கத் திருத்தியபோது அந்த ஓட்டையும் அடைபட்டது. திராவிட இயக்கத்தின் சாதனைப் பட்டியலில் இதைச் சொல்லாதவர் கிடையாது. சொல்லவும் வேண்டும். அம்பேத்கர் 1951இல் இந்துச் சட்டத் தொகுப்புக்காகப் பதவியையே விட்டு வெளியேறியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த மாளிகையெல்லாம் 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் என்ற அஸ்திவாரத்தின்மேல் எழுந்தது. அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, மத்திய அரசு அரசிதழில் அறிவித்தாலொழிய இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. வட ஆற்காடு, சேலம், தருமபுரி முதலான மாவட்டங்களின் மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். ஆக, 1956, 1989, 2005 மூன்றும் மலையடிவாரத்திலேயே நின்றுவிட்டன. போளூரில் ஒரு விவசாயியின் மகளுக்குக் கிடைத்த உரிமை, அங்கிருந்து பஸ் ஏறினால் வரும் ஜமுனாமரத்தூர்க்காரி மகளுக்கு எழுத்தில் கிடையாது. அவளை ஆள்வது 'வழமை'. வழமை என்ன சொல்கிறது என்று யார் சொல்வது? ஊர்க்கவுண்டன், நாட்டான், பெரியதனக்காரன். எல்லாம் ஆண்பால் சொற்கள் என்பதைத் தமிழ் படித்தவன் சுட்டிக்காட்டாமல் போக முடியாது.

இந்த விலக்கு பழங்குடிகளின் தனித்தன்மையைக் காப்பாற்றத்தான் வந்தது என்று வாதிடுவார்கள். அந்த நோக்கத்தை நான் கேலி செய்யவில்லை. வெளியிலிருந்து வரும் சட்டம் மலைக்கு நல்லது செய்த வரலாறு குறைவு. ஆனால் வனச் சட்டம் வந்தபோது இந்தத் தனித்தன்மையை யாரும் கேட்கவில்லை. பரம்பரைக் காட்டுக்குள் போனவனை ஒரே நாளில் அத்துமீறியவனாக்கியபோது வழமைக்கு மதிப்பில்லை. மகளுக்குப் பங்கு என்றவுடன் வழமை புனிதமாகிவிடுகிறது. அரசு மலையின் எந்த வழமையை மதிக்கிறது, எதை மிதிக்கிறது என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு.

இப்போது அந்த ஏழு நாய்கள் கதைக்குத் திரும்புகிறேன். நீதிமன்றங்கள் 'இந்துவாகிவிட்ட பழங்குடி' என்றொரு வகையைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. 2000இல் உச்ச நீதிமன்றம் ஒரு சந்தால் குடும்ப வழக்கில், அவர்கள் இந்துப் பழக்கவழக்கங்களையே பின்பற்றுகிறார்கள் என்று கண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தை விதவைக்குச் சாதகமாகப் பொருத்தியது. அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்தது, சந்தோஷம். ஆனால் வழி என்ன ஆயிற்று? ஒரு மலையாளிப் பெண் தன் அப்பன் நிலத்தில் பங்கு கேட்டு இந்த வழியில் போனால், 'நாங்கள் பெருமாளைக் கும்பிடுகிறோம், காளியம்மனுக்குப் பொங்கலிடுகிறோம், எங்கள் முன்னோர் காரைக்காட்டு வேளாளர்' என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு வெள்ளைக்காரன் பதிந்துவைத்த கதை சாட்சி. அதே கதையை அவள் தம்பியின் சாதிச் சான்றிதழ் விசாரணையில் இன்னொரு அதிகாரி எடுத்துவைத்து, 'நீங்களே வேளாளர் என்கிறீர்களே, பழங்குடி எப்படி?' என்று கேட்கலாம். பெண்ணாக உரிமை வேண்டுமென்றால் பழங்குடி என்பதை விட்டுக்கொடு, பழங்குடியாக இருக்க வேண்டுமென்றால் மகள் என்பதை விட்டுக்கொடு. காஞ்சிபுரத்து ஆண்கள் தங்கள் சாதிப்பெருமைக்காகச் சொல்லிக்கொண்ட கதை, பேத்திகளின் கழுத்துக்குச் சுருக்காக வந்து நிற்கிறது.

நீதிமன்றங்கள் என்ன செய்தன? தடுமாறின என்பதுதான் சுருக்கமான பதில். 1996இல் மது கிஷ்வர் வழக்கில், சோட்டா நாக்பூரின் ஹோ பெண்களுக்கு நிலத்தில் வாரிசுரிமை இல்லை என்ற விதியை ரத்துசெய்ய உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை தயங்கியது. பிழைப்புக்கு ஆதாரமான நிலத்திலிருந்து பெண்களை வெளியேற்றக்கூடாது என்ற அளவோடு நின்றது. நீதிபதி கே. ராமசாமி மட்டும் மாறுபட்டார். 2022 டிசம்பரில் அதே நீதிமன்றம், பழங்குடியல்லாத மகளுக்குச் சமபங்கு உள்ளபோது பழங்குடி மகளுக்கு மறுக்க நியாயமில்லை, சட்டத்தைத் திருத்துவது பற்றி மத்திய அரசு யோசிக்கட்டும் என்றது. யோசிக்கட்டும்! 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்ரமணியம், பெண்களை விலக்கும் வழமை நிரூபிக்கப்படாதபோது தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்ணுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்ததோடு, உரிய அறிவிப்புக்கு நடவடிக்கை எடுக்கும்படி மாநில அரசுக்கும் சொன்னார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சத்தீஸ்கரின் கோண்டுக் குடும்பம் ஒன்றின் வழக்கில் இன்னும் கூர்மையாகப் பேசியது. கீழ் நீதிமன்றங்கள், 'பெண்ணுக்குப் பங்கு தரும் வழமை இருப்பதை நிரூபி' என்று அந்தப் பெண்ணின் வாரிசுகளிடம் கேட்டிருந்தன. உச்ச நீதிமன்றம் கேள்வியைத் திருப்பிப் போட்டது. விலக்கும் வழமை உண்டென்றால் அதை விலக்குகிறவன் நிரூபிக்கட்டும், இல்லையேல் சமத்துவம் என்றது. நல்ல தீர்ப்பு. அதே ஆண்டு அக்டோபரில் இமாசலப் பிரதேச வழக்கொன்றில், அறிவிப்பு இல்லாமல் இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடிகளுக்குப் பொருந்தவே பொருந்தாது என்று மறுபடியும் சொல்லிவிட்டது. சட்ட நுணுக்கப்படி இரண்டும் முரணில்லை என்பார்கள் வக்கீல்கள். மலையிலிருந்து மனு எழுத வருகிறவளுக்கு அது எப்படிப் புரியும்?

இந்தத் தடுமாற்றம் இந்தியாவோடு முடிவதில்லை. பெண்களுக்கெதிரான பாகுபாடுகள் அனைத்தையும் ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கை 1979இல் வந்தது. இந்தியா 1993 ஜூலையில் அதை ஏற்புறுதி செய்தபோது ஓர் அறிவிப்பையும் சேர்த்தே கொடுத்தது. எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரத்திலும் அச்சமூகமே முன்வந்து சம்மதிக்காமல் தலையிடுவதில்லை என்ற கொள்கைக்கு உட்பட்டே குடும்பம், திருமணம் பற்றிய பிரிவுகளை ஏற்போம் என்பது அதன் சாரம். 'சமூகத்தின் சம்மதம்' என்ற சொற்சேர்க்கையில் சமூகம் யார்? கனடாவில் சாண்ட்ரா லவ்லேஸ் என்ற மலிசீட் பூர்வகுடிப் பெண், வெளியாளை மணந்ததால் பூர்வகுடி அந்தஸ்தையே இழந்தார். ஆண் மணந்தால் இழப்பில்லை. 1981இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அவர் பக்கம் நின்றது, 1985இல் கனடா சட்டத்தைத் திருத்தியது. போட்ஸ்வானாவில் எடித் முசியும் அவருடைய சகோதரிகளும், தாங்கள் பராமரித்த பெற்றோர் வீட்டை வழமைப்படி ஆண் வாரிசு என்று உரிமை கொண்டாடிய உறவினருக்கு விட்டுக்கொடுக்க மறுத்து வழக்காடி 2013இல் ஜெயித்தார்கள். அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது, வழமையை வெளியிலிருந்து வெட்டாமல், வழமை என்பது உறைந்துபோன ஒன்றில்லை, அது மக்களோடு மாறுகிறது என்று சொன்னதுதான். அந்த மூதாட்டிகள் தங்கள் சமூகத்தைவிட்டு வெளியேறி வழக்காடவில்லை. அவர்களும் அந்தச் சமூகம்தான்.

நம் தோழர்களின் அச்சம் எனக்குத் தெரியும். பெண்ணுக்குப் பட்டா கொடுத்தால் கீழ்நாட்டான் எவனாவது அவளைக் கட்டிக்கொண்டு நிலத்தை அமுக்கிவிடுவான். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒன்றுகூடக் கிடையாது, அதனால் 1996ஆம் ஆண்டுப் பழங்குடிப் பகுதிப் பஞ்சாயத்துச் சட்டமும் இங்கே வராது, மலை நிலத்துக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. எல்லாம் சரி. ஆனால் பட்டா ஆண்கள் பேரிலேயே இருந்த காலத்தில் கைமாறிய நிலமெல்லாம் யார் கைநாட்டில் போயிருக்கும்? சாராயக் கடனுக்கும் வட்டிக்கும் எழுதிக்கொடுத்தவனை யாரும் சந்தேகிக்கவில்லை. இன்னும் கட்டாயமே படாத ஒரு கல்யாணத்துக்காக மகளைச் சந்தேகிக்கிறோம். நிலம் வெளியே போகாமலிருக்க வேண்டுமென்றால் விற்பனையைத் தடுக்கச் சட்டம் கேட்க வேண்டும். மகளின் பங்கைத் தடுப்பது அதற்கு வழியாகாது.

அரசோடு மோதவேண்டி வந்தபோது மலை தன் பெண்களைத்தான் முன்னே அனுப்பியது என்பதையும் மறக்கக்கூடாது. இதே மலையாளிச் சனங்கள் வாழும் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனமரம் தேடி வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் செய்ததை நம் வாசகர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்கள் அத்தனை வருஷமும் சாட்சியத்தில் பின்வாங்காமல் நின்றதால்தான், 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டுக்கொன்றது. அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. கொல்லப்பட்ட ஒருவரின் மனைவி கொடுத்த புகாரின் பேரில்தான் அங்கே கொலை வழக்குப் பதிவானது. பாலாற்றைக் கடந்து போன ஆண்களுக்காகக் காத்திருந்த பெண்கள் என்று பழைய கதையில் படித்தபோது எனக்கு இந்தச் சவப்பெட்டிகள் ஞாபகம் வந்தன. இந்த முறை பெண்கள் கருமாதியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆறு உடல்களுக்கு மறு பரிசோதனை செய்யவைத்தார்கள்.

2024 பிப்ரவரியில் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 23 வயதில், உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி வந்தது. குழந்தை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்கு வந்து பரீட்சை எழுதியதைப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதித் தீர்த்தன. உரிமையியல் நீதிபதியிடம் வருவது பெரும்பாலும் பாகப்பிரிவினை வழக்குகள்தான் என்பதையோ, அவருடைய சமூகத்து மகள் ஒருத்தி அப்படி வழக்குப் போட்டால் 2ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு அங்கேயும் மேஜைமேல் இருக்கும் என்பதையோ ஒருவரும் எழுதவில்லை.

சட்டப் புத்தகத்தில் மலைப்பெண்ணின் பேர் நிலத்தோடு சேர்ந்து வரும் இடம் ஒன்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கல்யாணமானவர்களுக்கு உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பேரிலும் கூட்டாகப் பதியப்பட வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2008இன் உயர் நீதிமன்ற இடைக்கால ஆணையால் பத்திரம் வழங்குவது முடங்கிக் கிடந்து, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியபிறகுதான் வேலை நகரவே ஆரம்பித்தது. அந்த உரிமையை விற்க முடியாது, வாரிசுக்குப் போகும். நேரடி வாரிசு இல்லையென்றால் அடுத்த உறவினருக்கு. கீழ்நாட்டான் வந்து அமுக்கிவிடுவான் என்ற பயத்துக்கும் இதில் இடமில்லை. ஆனால் இருவரும் இறந்தபின் அந்த நேரடி வாரிசு மகனா, மகளும் சேர்ந்தா என்று அந்தப் பிரிவில் எழுதியிருக்கவில்லை. அதைச் சொல்லவேண்டியது வழமை என்றுதான் இன்றைக்கும் கிராம சபைகளில் விட்டுவைத்திருக்கிறார்கள்.